எச்சில் தொட்ட பஞ்சு

ஆஸ்பத்திரி எக்ஸ்ரே பிரிவில்
படிவம் நிரப்பாமல் உள்ளே விடமாட்டார்கள்.
நோயாளியின் பெயர்: மரியா.
வயது: ஐந்நூற்று நாற்பது, ஏறக்குறைய.
கர்ப்பமா என்ற கட்டத்தில்
ஒஸ்வால்தோ பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தான்.
“பெற்றுவிட்டாள்” என்றேன். “மடியில்தான் இருக்கிறது.”

பாப்லார் பலகை, மூன்று சாண் அகலம்.
அப்பென்னின் சரிவில் ஒரு கோயிலிலிருந்து
போர்வை சுற்றி, உருளைக்கிழங்கு வண்டியில் வந்தவள்.
அவளைப் பற்றித் தொன் ஃபுல்ஜென்சியோ
மூன்று முறை பேச ஆரம்பித்தார்;
மூன்று முறையும் கூரை ஒழுகுவதில் போய் முடித்தார்.

கண்ணுக்குத் தெரிவதை முதலில் சொல்கிறேன்.
உச்சந்தலையிலிருந்து இரண்டு முழங்காலுக்கும் கோடு இழுத்தால்
ஒரு மலை. மலைக்குள் குன்றாகப் பிள்ளை.
நீலம், கடல் கடந்து வந்த கல்லை இடித்த நீலம்,
முக்காட்டில் மட்டும் நல்லது.
மடிப்புகளுக்குள் மலிவானது. யாரோ கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.
பிள்ளையின் இடக்கையில் நூல் கட்டிய குருவி,
அதன் முகத்தில் சிவப்பு:
முள்முடியிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கப்போய்த் தெறித்தது என்பார்கள்.
முப்பத்து மூன்று ஆண்டு கழித்துச் சிந்த வேண்டியது
இப்போதே காய்ந்திருக்கிறது.
வலக்கையில் இரண்டு விரல் உயர்ந்து ஆசி.
ஆசி வழங்கும் பிள்ளைக்கு இன்னும் தலை நிற்கவில்லை;
கழுத்துக்குப் பின்னால் அவள் உள்ளங்கை.

அவள் அவனைப் பார்க்கவில்லை.
என் தோளைத் தாண்டி, கதவருகே
எதுவோ வந்து நிற்பதுபோலப் பார்க்கிறாள்.
முதல் வாரம் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினான் ஒஸ்வால்தோ.
எலும்பு பார்த்துப் பழகிய கண்.
“முறிவு” என்றான், வலக்கையைக் காட்டி.
முறிவு அல்ல. உயர்ந்த இரண்டு விரலுக்கு அடியில்
இன்னொரு கை. சின்னது, மூடியது,
அம்மாவின் கட்டைவிரலை விடாமல் பிடித்திருந்தது.
ஓவியன் முதலில் பார்த்ததை வரைந்திருக்கிறான்.
பிறகு யார் வந்தார்கள்? பணம் கொடுத்தவரா, பாதிரியாரா,
அவனுக்கே வந்த பயமா?
பிடியைத் தளர்த்தி, விரலை நிமிர்த்தி,
கடவுளாக்கிவிட்டான்.

மூன்று ஆணிகளும் தெரிந்தன, பளிச்சென்று.
ஒன்று பிள்ளையின் பாதத்துக்கு நேர் பின்னால்.
அது குறியீடு அல்ல. பலகை வளையாதிருக்கத் தச்சன் அறைந்தது.
பாதம் வரைவதற்கு முன்பே அது அங்கே இருந்தது.
நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
இடுப்பு முறிந்த அடுத்த நோயாளி
வெளியே இருமினார்.

பட்டறையில், மார்ச் மாதம்.
முகங்களைக் கரைப்பான் தொட விடமாட்டேன்.
குச்சியில் பஞ்சு சுற்றி, நாவில் நனைத்து,
நகக்கண் அளவு இடத்தில் உருட்டி உருட்டி.
எச்சிலைவிட மென்மையானது எந்தக் குப்பியிலும் இல்லை.
பஞ்சு பழுப்பாகிறது. மெழுகுவர்த்திப் புகை;
காய்ச்சலுக்கும் கடனுக்கும்
கப்பலேறிய மகன்களுக்கும் ஏற்றியவை.
ஜாடியில் சேர்க்கிறேன். எறிய மனம் வரவில்லை.

தேய்ந்த இடங்களில் அடிப்பூச்சு எட்டிப் பார்க்கிறது.
தோலுக்கு முன்னால் பச்சை பூசுவார்கள் அந்தக் காலத்தில்,
பச்சை மண்; அதன் மேல்தான் ரோஜா, அதன் மேல்தான் உயிர்.
அவன் கன்னத்தில் பச்சை. அவள் கழுத்திலும்.
பச்சைப் பிள்ளை. பச்சை உடம்புக்காரி.
பெற்று நாளாகவில்லை,
அதற்குள் உட்காரவைத்து, நீலம் போர்த்தி,
ஓர் ஊரின் துக்கம் முழுவதையும் கேட்கச் சொல்லியிருக்கிறார்கள்.

தொன் ஃபுல்ஜென்சியோ தொலைபேசியில் கேட்டார்:
அடியில் இருக்கும் கையை வெளியே எடுக்க முடியுமா?
ஆசியைச் சுரண்டினால்தான் பிடி கிடைக்கும் என்றேன்.
யோசித்தார். கூரையைப் பற்றிப் பேசினார்.

மாலையில் ஒரே ஒரு கறை மிச்சம், பிள்ளையின் வாயோரம்.
புதிய பஞ்சை நனைத்தேன்.
இடக்கையால் பலகையின் விளிம்பைப் பிடித்திருந்தேன்,
தாடையைப் பிடிப்பதுபோல.
“ஆடாதே” என்று சொல்லியிருக்கிறேன்,
சத்தமாகவே.